911 எடுக்க எத்தனை விநாடி: மாநிலம் அளப்பதும் அளக்காததும்

கேள்வி (ஜனவரி 12, மாலை 6:40)

அமெரிக்காவில் எங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) 911 அவசர அழைப்பு மையம் 90 சதவீதத்துக்கு மேல் அழைப்புகளை 15 விநாடிக்குள் எடுப்பதாக மாநில அரசின் அறிக்கையில் இருக்கிறது. பெயருக்கு எதிரே பச்சை நிறம். நவம்பரில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது நான் அழைத்தேன். யாராவது எடுக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது. அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு நிமிடம் அறிக்கையில் எங்கே போனது? மாநில அரசு பொய் சொல்கிறதா, அல்லது யாரும் பார்ப்பதே இல்லையா?

ஜனவரி 12, இரவு 9:10

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆறு ஆண்டுகள் ஒரு மையத்தில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் மாநில அலுவலகத்தில் மையங்களின் மாதாந்திர அறிக்கைகளைச் சரிபார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எளிய கணக்கு. மாதம் 9,000 அழைப்பு வரும் மையம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 900 அழைப்பைத் தாமதமாக எடுத்தாலும் 90 சதவீதம் தேறிவிடும். அந்த 900-உம் மாதம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் பரவாயில்லை. அப்படி இருப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் அந்த வழியாகப் போகிற நாற்பது பேர் அதே ஐந்து நிமிடத்தில் கைபேசியில் அழைப்பார்கள். உங்கள் அப்பாவுக்கான அழைப்பு 41-வதாக வரிசையில் நிற்கும். அன்று அதிகாலை மூன்று மணிக்கு இரண்டு விநாடியில் எடுத்த அழைப்புகள் அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் மறைத்துவிடும்.

நேனா எனப்படும் தேசிய அவசர எண் சங்கம் சொல்லும் அளவு 90 சதவீதம் 10 விநாடிக்குள். உங்கள் மாநிலம் 15 என்று தளர்த்தியிருக்கிறது.

ஜனவரி 12, இரவு 9:32

மேலே நான் எழுதிய கடைசிப் பத்தி தவறு. 10 விநாடி என்பது 2006-இல் வந்த பழைய அளவு. 2020-இல் நேனாவே அதை மாற்றியது: 90 சதவீதம் 15 விநாடிக்குள், 95 சதவீதம் 20 விநாடிக்குள். ஆகவே உங்கள் மாநிலம் எதையும் தளர்த்தவில்லை.

ஆனால் பழைய அளவில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒரு நாளில் அழைப்பு மிக அதிகமாகக் குவியும் அந்த ஒரு மணி நேரத்தில் 90 சதவீதம் என்று அது கேட்டது. புதியது எல்லா நேரத்துக்கும் சேர்த்துக் கேட்கிறது. காலை நிதானத்தையும் மாலை நெரிசலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிய மாதிரி. 10-ஆ 15-ஆ என்பதைவிட இந்த மாற்றம்தான் எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி 13, காலை 7:05

"இதற்கெல்லாம் மத்திய அரசு இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எஃப்சிசி எனப்படும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் தொலைபேசி நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். அழைப்பை எடுக்கும் மையம் ஊருடையது, கவுண்டியுடையது. 911 பிறந்ததே அப்படித்தான். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவில் ஹேலிவில் என்ற சிறிய ஊரில் முதல் அழைப்பு போனது. அதன்பின் ஒவ்வோர் ஊரும் தன் வசதிக்குத் தானே கட்டிக்கொண்டது. கவுண்டிக்கு மேலே நின்று பார்க்கக்கூடிய ஒரே இடம் மாநில அரசுதான். சில மாநிலங்கள் பயிற்சி, அளவு, தணிக்கை எல்லாம் வைத்திருக்கின்றன. சில, தொலைபேசிக் கட்டணத்தில் வசூலாகும் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி.

ஜனவரி 13, இரவு 10:15

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். என் கருத்து: மூன்று மாதம் தொடர்ந்து அளவைத் தவறவிடும் மையத்துக்கு மாநிலம் தரும் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் யாரும் அசைய மாட்டார்கள். நான் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களுக்கு வந்த பதில்களைப் படித்துச் சலித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜனவரி 14, மாலை 5:50

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. மாநில அலுவலகத்தில் என் முதல் ஆண்டிலேயே இதைக் கற்றேன்.

ஒரு மையத்தின் எண்கள் திடீரென்று அழகாக மாறின. முந்தைய மாதம் 80-களில் தடுமாறிக்கொண்டிருந்தது, அடுத்த மாதம் 99. ஆள் சேர்த்தார்களா என்று கேட்டேன், இல்லை. நேரில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. "உங்கள் அழைப்பு வந்துவிட்டது, காத்திருங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் புதிதாக வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். வெறும் மணியோசையைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது மேல், பாதிப் பேர் பயந்து துண்டிக்காமல் இருப்பார்கள். ஆனால் தொலைபேசி அமைப்பு அந்தப் பதிவுக் குரலையே "எடுத்தாயிற்று" என்று பதிந்துவிட்டது. மனிதக் குரல் கேட்க ஒரு நிமிடம் ஆனாலும் அறிக்கையில் மூன்று விநாடி.

அங்கே யாரும் ஏமாற்றவில்லை. மேற்பார்வையாளர் பெண்மணிக்கே அது தெரியாது. அவர் அந்த 99-ஐ அச்சடித்து, ஊழியர்களை உற்சாகப்படுத்தச் சுவரில் ஒட்டியிருந்தார். அதை நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால்தான் மையம் தானே எழுதி அனுப்பும் மாதச் சுருக்கம் போதாது என்கிறேன். தொலைபேசி அமைப்பில் பதிவாகும் மூலத் தரவு நேராக மாநிலத்துக்கு வர வேண்டும். மணி அடித்த நொடி, மனிதர் பேசிய நொடி, துண்டான நொடி.

ஜனவரி 15, காலை 6:30

பணத்தை நிறுத்த வேண்டும் என்று 13-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் அதே யோசனை.

நான் வேலை பார்த்த மையத்தில் இரவு ஷிஃப்டுக்கு ஐந்து கன்சோல், அதாவது அழைப்பு எடுக்கும் இருக்கை. ஐந்திலும் ஆள் இருந்த இரவுகளை எண்ணிவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் முடிந்து எழும்போது "இன்னும் நாலு மணி நேரம் இருக்க முடியுமா" என்பார்கள். கேட்பது போலத்தான் இருக்கும், முடியாது என்று சொல்ல வழியிருக்காது. ஒரு குழந்தை இறந்த அழைப்பை முடித்த கையோடு அடுத்த மணி அடிக்கும். அடுத்தவர் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்பார். அவருக்கும் அமைதியாகப் பதில் சொல்ல வேண்டும். நல்லவர்கள் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள். புதியவரை எடுத்துப் பயிற்சி கொடுத்துத் தனியாக உட்கார வைக்கப் பல மாதம் ஆகும், அதற்குள் இன்னொருவர் போயிருப்பார்.

மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டில் இந்த வேலை இன்றும் அலுவலக, நிர்வாக உதவிப் பணிகளின் கீழ்தான் இருக்கிறது. காவலரும் தீயணைப்பு வீரரும் பாதுகாப்புப் பணி, அவர்களை அனுப்பி வைப்பவர் எழுத்தர் வகை. இதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் இல்லாததால் அளவைத் தவறவிட்ட மையத்திடமிருந்து பணத்தையும் பிடுங்கினால் அடுத்த மாதம் இன்னொரு கன்சோல் காலியாகும். மறைக்கத் தூண்டுதலும் கூடும். பதிவுக் குரல் கதை தெரியாமல் நடந்தது. பணம் போகும் என்றால் அதையே தெரிந்து செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் நம் தொலைபேசிக் கட்டணத்தில் 911-க்கென்று ஒரு தொகை போகிறது. 2008-இல் வந்த சட்டப்படி எஃப்சிசி ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பணம் எங்கே போனது என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. அதில் வேறு செலவுக்குத் திருப்பிய மாநிலங்களாக நியூ யார்க், நியூ ஜெர்சி பெயர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. பணத்தைத் திருப்பிவிட்டு மையத்தை மட்டும் கேள்வி கேட்கும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை.

ஜனவரி 15, இரவு 8:45

விநாடியையே பேசிக்கொண்டிருக்கிறோம். எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

2008 ஜனவரி 17. ஃபுளோரிடாவில் நார்த் போர்ட் என்ற ஊரில் டெனிஸ் ஆம்பர் லீ என்ற 21 வயதுப் பெண், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். கடத்தியவனின் தொலைபேசியிலேயே ரகசியமாக 911-ஐ அழைத்தார். பிறகு சாலையில் பக்கத்துக் காரிலிருந்து அலறல் கேட்ட இன்னொரு பெண்மணி அழைத்தார். அது பக்கத்துக் கவுண்டியான ஷார்லட்டின் மையத்துக்குப் போனது. ஒன்பது நிமிடம் தொடர்பிலேயே இருந்து, எந்தச் சாலை, எந்தத் திசை என்று சொல்லிக்கொண்டே வந்தார். எடுத்தவர் அதைக் கணினியில் பதியாமல் அறைக்குள் சத்தம் போட்டுச் சொன்னார். அருகிலேயே காவல் வண்டிகள் இருந்தன. ஒன்றும் அனுப்பப்படவில்லை. டெனிஸ் அன்றே கொல்லப்பட்டார்.

15 விநாடி அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அழைப்பில் குறையே தெரியாது. யாரோ எடுத்தார்கள், ஒன்பது நிமிடம் பேசினார்கள்.

அப்போது ஃபுளோரிடாவில் அழைப்பு எடுப்பவருக்குக் கட்டாயப் பயிற்சி கிடையாது. அந்தக் குடும்பம் விடாமல் போராடியதால்தான் முதலில் விருப்பத்தின் பேரில் ஒரு பயிற்சி அளவும், பிறகு 232 மணி நேரக் கட்டாயப் பயிற்சியும் சட்டத்தில் ஏறின. மாநில மேற்பார்வை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜனவரி 16, இரவு 11:20

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மையத்தில் என் நான்காம் ஆண்டு. இரவில் ஓர் அழைப்பு. வயதான பெண் குரல், ஆங்கிலத்தில் "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றதற்கு மேல் வரவில்லை. பின்னால் தனக்குத்தானே முணுமுணுத்தது தமிழ். "அம்மா, தமிழ்லயே சொல்லுங்க" என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம்: "தம்பி, இவரு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

எங்கள் கேள்வி அட்டையில் இரண்டே கேள்வி. நினைவு இருக்கிறதா? மூச்சு விடுகிறாரா? இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இடைவெளி விட்டு ஓர் இழுப்பு வரும். பார்ப்பவருக்கு அது மூச்சு போலத் தெரியும். மூச்சு அல்ல. அதை மூச்சு என்று எடுத்துக்கொண்டால் நெஞ்சை அழுத்தச் சொல்ல மாட்டோம். அழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

தமிழில் வளர்ந்த எவருக்கும் "இழுத்துக்கிட்டுக் கிடக்கு" என்றால் என்னவென்று தெரியும். அந்த அம்மா ஒரே சொல்லில் சரியாகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்திருந்தால் அது "மூச்சு இழுக்கிறார்" என்று ஆகி, அட்டையில் "மூச்சு உண்டு" என்று டிக் விழுந்திருக்கும். நான் உடனே, "அம்மா, அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைங்க, நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வைங்க, நான் எண்ணுறேன், கூடவே அழுத்துங்க" என்றேன். ஆம்புலன்ஸ் வரும்வரை எண்ணினோம். அவர் பிழைத்தாரா என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த மாதத் தர ஆய்வில் அந்த அழைப்புக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பிட்டவருக்குத் தமிழ் தெரியாததால் "ஆய்வுக்கு உகந்ததல்ல" என்று ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு வருத்தம் மதிப்பெண்ணில் இல்லை. வேறு மொழியில் அழைத்த எத்தனை பேருடைய அழைப்புகள் இப்படி ஒதுங்கியிருக்கும்? அவற்றில் எத்தனையில் "மூச்சு உண்டு" என்று டிக் விழுந்திருக்கும்? மாநிலம் ஒவ்வொரு மையத்திலிருந்தும் மாதம் பத்து இதயநிறுத்த அழைப்புகளை, எந்த மொழியானாலும் முழுதாகக் கேட்டு, முதல் அழுத்தம் எந்த நொடியில் தொடங்கியது என்று பார்த்தால் நூறு பக்க அறிக்கை சொல்லாததைச் சொல்லும். வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் தொலைபேசியில் நெஞ்சழுத்தம் சொல்லிக்கொடுப்பதை 1980-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். முடியாத காரியம் அல்ல.

ஜனவரி 17, மதியம் 1:10

பிரிட்டன் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே அவசர எண் 999. காவல்துறைக்கு வரும் 999 அழைப்பில் 90 சதவீதத்தை 10 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. 2022 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு காவல் படையின் எண்ணையும் பொதுவில் போடுகிறார்கள். 60 விநாடிக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று தனியே வருவதுதான் எனக்குப் பிடித்தது. சராசரிக்குப் பின்னால் ஒளிய முடியாது.

ஜனவரி 18, இரவு 9:00

மையத்துக்கே வந்து சேராத அழைப்புகளை இதுவரை விட்டுவிட்டேன்.

2014 ஏப்ரலில் கொலராடோவின் எங்கிள்வுட்டில் இருந்த ஓர் அழைப்பு வழிப்படுத்தும் நிலையத்தில், மென்பொருள் அழைப்புகளுக்கு எண் கொடுக்கும் எண்ணி தன் உச்சவரம்பைத் தொட்டு நின்றுபோனது. 7 மாநிலங்களில் 81 மையங்களுக்கு அழைப்பு போகவில்லை. 6,600-க்கும் மேற்பட்ட அழைப்புகள், ஆறு மணி நேரம் வரை. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண் வீட்டுக்குள் ஒருவன் நுழைய முயலும்போது 37 முறை 911-ஐ அழைத்தார். தவிர்த்திருக்கக்கூடியது என்று எஃப்சிசி விசாரித்துச் சொன்னது.

2013 டிசம்பரில் டெக்சஸ் மார்ஷலில் ஒரு விடுதி அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது அவரது ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அழுத்தினாள். வெளி இணைப்புக்கு முதலில் இன்னொரு 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? காரி இறந்துவிட்டார். நேரடியாக 911 போக வேண்டும் என்ற சட்டம் 2018-இல் வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு வரும் புதிய தொலைபேசி அமைப்புகளுக்கு அது பொருந்தும்.

இந்த அழைப்புகள் எந்த மையத்தின் அறிக்கையிலும் தாமதமாகப் பதிவாகவில்லை. பதிவாகவே இல்லை. அன்று அந்த மையங்களின் சதவீதம் வழக்கம்போல் நன்றாகவே இருந்திருக்கும்.

ஜனவரி 19, காலை 6:15

கேள்வி கேட்டவருக்கு அவசரமாக: உங்கள் அழைப்பின் பதிவேட்டையும் ஒலிப்பதிவையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டீர்களா? ஒலிப்பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழிந்துவிடும். நவம்பர் என்றீர்கள். இன்றே போடுங்கள். "மணி அடித்துத் துண்டான அழைப்புகள் உட்பட, என் எண்ணிலிருந்து அந்த இரவு வந்த எல்லா அழைப்பும்" என்று சொல் மாறாமல் எழுதுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 10:40

கேள்வி கேட்டவர் பதிவேட்டை அனுப்பியிருந்தார். அனுமதியோடு எழுதுகிறேன்.

அந்த இரவு அவர் எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். முதலாவது 64 விநாடி மணி அடித்துத் துண்டானது. இரண்டாவது 41 விநாடி, துண்டானது. மூன்றாவதை 9 விநாடியில் எடுத்திருக்கிறார்கள். யாரும் எடுக்காததால் பயந்து வைத்துவிட்டு வைத்துவிட்டு மீண்டும் அழுத்தியிருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் வைத்தவுடன் வரிசையில் இடம் போய்விடும், அடுத்தது கடைசியில் போய் நிற்கும். தயவுசெய்து இதைப் படிக்கும் எல்லாரும் நினைவில் வையுங்கள்: எவ்வளவு நேரம் மணி அடித்தாலும் துண்டிக்காதீர்கள்.

மையத்தின் மாத அறிக்கை "எடுக்கப்பட்ட அழைப்புகளை" மட்டுமே எண்ணுகிறது. முதல் இரண்டும் கைவிடப்பட்டவை என்று வேறு பட்டியலுக்குப் போய்விட்டன, அந்தப் பட்டியலை மாநிலம் கேட்பதில்லை. மிஞ்சியது ஒன்பது விநாடி. 15-க்குள். பச்சை.

மையம் முதல் அழைப்புக்குத் திரும்ப அழைத்தும் இருக்கிறது. அவர் அப்போது இரண்டாவது முறை அழைத்துக்கொண்டிருந்ததால் இணைப்பு கிடைக்கவில்லை. பதிவேட்டின் கடைசிப் பத்தியில் அன்றைய ஷிஃப்ட் விவரம்: ஐந்து கன்சோல், இரண்டு பேர். ஒருவர் அப்போது ஒரு பிரசவ அழைப்பில் 22 நிமிடம் இருந்திருக்கிறார்.

பிப்ரவரி 10, காலை 7:20

நேற்று இரவு அவர் என்னிடம் பேசினார். மையத்தின் மேல் இருந்த கோபம் அந்த "இரண்டு பேர்" என்ற வரியைப் படித்ததும் திசை மாறிவிட்டது என்றார். கைவிடப்பட்ட அழைப்புகளைக் காத்திருந்த நேரத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று மாநில 911 வாரியத்துக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். ஒரு சொல்லை மட்டும் திருத்தினேன். "அழைப்புகள்" என்று இருந்த இடத்தில் "அழைத்தவர்" என்று மாற்றச் சொன்னேன்: ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து வருவதை ஒன்றாகச் சேர்த்து, முதல் மணியிலிருந்து மனிதக் குரல் வரை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அவருடையது இரண்டு நிமிடம் என்று வரும்.

அடுத்த மாதம் கவுண்டியின் வரவுசெலவுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருகிறார்கள். காலியாக இருக்கும் பணியிடங்களை நிரப்பச் சொல்லி அவர் பேசப் பெயர் கொடுத்திருக்கிறார். அப்பாவும் கூட வருகிறாராம்.